அத்தையின் மில்லுக்கு வைத்திருந்த கரி

எனக்குப் பயம் வந்தால் வாய் சும்மா இருக்காது. எதையாவது போட்டு மென்றுகொண்டே இருக்க வேண்டும். கல்லூரித் தேர்வுகளில் பேனா மூடிகளோடு நின்ற இந்தப் பழக்கம், கல்யாணமாகித் திருச்செங்கோட்டுக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை என்னை ஆஸ்பத்திரி வரை கொண்டுபோனது.

என் மாமியார் விசைத்தறிக்கூடம் நடத்துகிறவர். தறிச் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல். "காப்பி குடிச்சியா சாமி" என்று அன்பாகக் கேட்டாலே என் வாய் மெல்ல எதையாவது தேடும். (அஸ்தம்பட்டியில் என் பிறந்த வீட்டில் நாயைக்கூட மெதுவாகத்தான் அதட்டுவோம்.)

இந்தப் பயத்தைப் போக்க என் கணவர் செந்தில் கண்டுபிடித்த வழி ஒரு போர்டு கேம். அட்டையை விரித்தார். முழுக்க ஊர்கள், ரயில் பாதைகள். சுரங்கம் தோண்ட வேண்டும், தண்டவாளம் போட வேண்டும், மில் கட்ட வேண்டும். மில்லுக்குக் கரி வேண்டும். கரி என்பது சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கறுப்பு மரக்கட்டை. விதிகள் ஒன்றும் விளங்காமல் நான் வறுத்த கடலையை மென்றுகொண்டிருந்தேன். அத்தைக்கோ முதல் சுற்றிலேயே எல்லாம் புரிந்துவிட்டது.

"ஏண்டா, அடுத்தவன் சுரங்கத்துக் கரியையும் எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, நிஜமாகவே மில் வாங்கப் போகிறவர் மாதிரி கண்ணைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

என் முறை வந்தது. ஏதாவது செய்தாக வேண்டுமே என்று, மிச்சமிருந்த ஒரே கரியை எடுத்துவிட்டேன்.

"அம்மா அதை வச்சுத்தான் மில் கட்டறதா இருந்தாங்க" என்றார் செந்தில், மெதுவாக.

அத்தை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். சத்தம் போடுகிற அத்தையே தேவலாம் என்றிருந்தது. என் ஒரு கையில் கரி, மறு கையில் வறுத்த கடலை. பதற்றத்தில் வாய்க்குள் போனது கரி. கடித்தபோதுதான் தெரிந்தது. துப்பலாமென்றால் அத்தை கண்ணை எடுக்கவில்லை.

"என்ன சாமி மெல்லறே?"

விழுங்கிவிட்டேன்.

"கடலைங்க அத்தை."

பிறகு எல்லோரும் கரியைத் தேடினார்கள். மாமனார் சோபாவை நகர்த்தினார். செந்தில் டார்ச் அடித்துக்கொண்டு தரையில் ஊர்ந்தார். எனக்கு வியர்த்துக் கொட்டியது. கறுப்புச் சாயம் விஷமாக இருக்குமோ, குடலைக் கிழிக்குமோ, வந்த வாரமே போய்ச் சேர்ந்தாள் என்று ஊர் பேசுமோ?

"இந்த ஊட்டுக்குள்ள கரி எங்க போயிரும்?" என்று அத்தையே விளக்குமாற்றோடு குனிந்தபோது என்னால் தாங்க முடியவில்லை.

"நான் முழுங்கிட்டேனுங்க."

அடுத்த நிமிடம் காரில் இருந்தேன். வழியெல்லாம் அத்தை என் கையை விடவில்லை.

"எதை முழுங்குனாங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"நிலக்கரிங்க" என்றார் அத்தை.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். செந்தில் விளக்கிச் சொன்ன பிறகு, சின்ன மரக்கட்டைதான், தானாக வெளியே போய்விடும், வயிறு வலித்தால் மட்டும் வாருங்கள் என்று அனுப்பிவைத்தார்.

திரும்பி வரும்போது அத்தை கேட்டார். "எனக்குப் பயந்துட்டா முழுங்கினே?"

"ஆமாங்க."

அத்தை முந்தானையால் என் நெற்றியைத் துடைத்துவிட்டார். அப்புறம் சொன்னார். "துப்பியிருந்தா கழுவிட்டு மில்லு கட்டியிருப்பேனே சாமி."

இப்போது அந்தப் பெட்டியில் ஒரு கரிக்குப் பதில் புளியங்கொட்டை இருக்கிறது. கரண்டு போய்த் தறியெல்லாம் நின்றால், தறி ஓட்டுகிறவர்களிடம் அத்தை இன்றைக்கும் அதே குரலில் சொல்கிறார்: "செத்த இருங்க, எம் மருமவ கரியை முழுங்கிட்டா."