நான்கு நாள் பறந்த விமானம்

திருகோணமலைத் துறைமுகத்தில் உலகத்துக் கப்பல்களெல்லாம் வந்து நின்றிருக்கின்றன. எல்லா வகை மனிதரும் இறங்கி நடந்திருக்கிறார்கள். ஆனால், எதிரே வரும் ஆளை ஒரு பார்வை பார்த்து, "நூற்றி நாற்பத்தாறு றாத்தல்" என்று சொல்லித் தராசையே வெட்கப்பட வைக்கக்கூடிய மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரோடு ஒன்பது வருடம் ஒரே கொட்டிலில் வேலை செய்தவள் நான். அவருடைய சொந்தப் பெயர் எங்கோ ஒரு பதிவில் இருந்திருக்கும். ஊருக்கு அவர் றாத்தல் மாஸ்டர்.

அறுபதுகளில் ஒரு சிறு கம்பனி எங்கள் ஊருக்கும் கொழும்பு ரத்மலானைக்கும் இடையில் இரண்டு எஞ்சின் விமானம் ஒன்றை ஓட்டியது. சீனன்குடா விமானத் திடலின் ஓரத்தில், கடலைப் பார்த்த தகரக் கொட்டில்தான் காரியாலயம். நான் டிக்கெட் எழுதுவேன், கடிதம் தட்டச்சு செய்வேன். மாஸ்டருடைய வேலை என்னவென்று ஊரில் ஒருவருக்கும் விளங்கியதில்லை.

"அப்ப நீங்கள் பிளேன் ஓட்டுறவரோ?"

"இல்லை. கப்டன் ஓட்டுறவர்."

"அப்ப டிக்கெட் குடுக்கிறவரோ?"

"அது இந்தத் தங்கச்சி."

"பிறகு நீங்கள் என்னதான் செய்யிறனீங்கள்?"

"போகலாமோ, போகக்கூடாதோ எண்டு சொல்லுறனான்."

கேட்டவர், இதுவும் ஒரு வேலையா என்கிற முகத்தோடு போய்விடுவார். பஸ் நிலையத்தில் விசில் ஊதி பஸ்ஸை அனுப்புகிறவரைப் போல இவரும் ஒருவர் என்று ஊர் முடிவுகட்டியிருந்தது.

உண்மையில் அந்த விமானத்தின் பாதி அவர் கையில் இருந்தது. வழியில் என்ன மழை, எந்த உயரத்தில் எந்தக் காற்று, எவ்வளவு பெற்றோல், யார் முன்னுக்கு யார் பின்னுக்கு இருப்பது, ரத்மலானையில் இறங்க முடியாமல் போனால் வேறெங்கே இறங்குவது எல்லாவற்றையும் காலையில் கணக்குப் பார்த்துத் தாளில் எழுதுவார். கீழே அவரும் கப்டனும் கையெழுத்து வைக்கவேண்டும். ஒரு கையெழுத்து குறைந்தாலும் சக்கரம் உருளாது. விமானம் கிளம்பிய பிறகும் வேலை முடியாது. போய் இறங்கிவிட்டதென்று வானொலிப் பெட்டியில் செய்தி வந்து, இறங்கிய நேரத்தைச் சிவப்புப் பென்சிலால் குறித்துக் கோப்பை மூடும்வரை மனிதர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

அவர் இந்தக் கதிரைக்கு வந்த கதையும் நேரானதல்ல. யுத்தகாலத்தில் அதே திடலில் மூட்டை தூக்கியவர். தூக்கித் தூக்கியே நிறை பழகியது. பிறகு மூட்டை நிறுக்கும் கிளாக்கர். பிறகு வானிலைக் கொட்டிலில் முகிலும் காற்றும் குறிக்கிற வேலை. கடைசியில் விமான அனுப்புநருக்கான சோதனை. விமானச் சட்டம், வரைபடம், எஞ்சின் எல்லாவற்றிலும் தேறினார். வானிலையில் இரண்டு முறை கோட்டைவிட்டார். "வழியில் இடிமுகில் இருந்தால் என்ன செய்வீர்?" என்பது கேள்வி. "அனுப்பமாட்டேன்" என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டு வந்தாராம். சோதனைக்காரருக்கு இரண்டு பக்கம் வேண்டியிருந்தது. மூன்றாம் முறை இரண்டு பக்கம் எழுதி, கடைசி வரியில் "இவ்வளவும் தெரிந்திருந்தாலும் அனுப்பமாட்டேன்" என்று முடித்துத் தேறினார்.

பயணிகளைத் தராசில் ஏற்றுவது கம்பனி விதி. பெண்கள் கூசுவார்கள் என்று, அவர்கள் வரிசையில் நிற்கும்போதே கண்ணால் நிறுத்துப் பென்சிலால் எழுதிவிட்டு, "தராசு பழுது, நீங்கள் போங்கோ" என்று விட்டுவிடுவார். ஒருநாள் கொழும்புப் பெரிய உத்தியோகத்தர் ஒருவர் தராசில் ஏற மறுத்தார்.

"ஐயா ஏறத் தேவையில்லை. நூற்றி எண்பத்தொன்பது. சப்பாத்தோட" என்றார் மாஸ்டர்.

அவமானம் தாங்காமல், பிழையென்று காட்டுவதற்காகவே ஐயா தராசில் ஏறினார். முள் நூற்றித் தொண்ணூற்றொன்றில் நின்றது. மாஸ்டர் ஐயாவைச் சுற்றி ஒருமுறை நடந்தார்.

"கோட்டுப் பையில என்ன ஐயா?"

ஒரு போத்தல் தேன். தம்பலகாமத்தில் யாரோ அன்பாகக் கொடுத்தது. சரியாக இரண்டு றாத்தல்.

இந்தப் பழக்கம் கொட்டிலோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மூதூர் போகும் லோஞ்சுப் படகில் ஏறினால், இருப்பவர்களை எழுப்பி இடம் மாற்றாமல் அவருக்கு இருக்க ஏலாது. "நீங்கள் இடப்பக்கம் வாங்கோ. பாட்டா, நீங்கள் நடுவில. ஆட்டுக்குட்டியைப் பின்னுக்குக் குடுங்கோ."

லோஞ்சுக்காரன் தலையில் அடித்துக்கொள்வான். "மாஸ்டர், இது பறக்கிற சாமான் இல்லை!"

"ஓம், பறக்காது. தாழும்."

என் கலியாணத்திலும் விடவில்லை. தாலி கட்டுகிற நேரத்தில், மணவறையின் பின்பக்கம் பாரம் கூடிப்போச்சென்று மாப்பிள்ளையின் பெரியப்பாமார் மூன்று பேரைக் கீழே இறக்கினார். அவர்கள் இன்றைக்கும் எங்களோடு சரியாகக் கதைப்பதில்லை.

எந்தப் பயணத்துக்கும் மாற்றிடம் ஒன்று வேண்டும் என்பது அவருடைய வேதம். கோணேசர் கோயிலில் சனம் கூடினால் எந்தக் கோயில், சந்தையில் பாரைமீன் இல்லாவிட்டால் என்ன கறி, எல்லாம் முன்கூட்டியே தாளில் இருக்கும். அவருடைய மனைவியை நாங்கள் அக்கா என்போம். அவர் ஒருநாள் சோற்றுக் கரியரோடு கொட்டிலுக்கு வந்து பொரிந்து தள்ளினார்.

"தங்கச்சி, இந்த மனுசன் என்னைப் பெண்பார்க்க வரேக்கையும் ஒரு மாற்று வச்சிருந்தவராம். தோப்பூரில!"

மாஸ்டர் வரைபடத்திலிருந்து தலையை எடுக்கவில்லை. "வச்சிருந்தனான்தான். தேவைப்படேல்லை."

எங்களை இவ்வளவு சிரிக்கவைத்த மனிதரை நான் ஒருநாள் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

என் மூத்தவன் ரவிக்கு அப்போது ஆறு வயது. மாரிகாலம். முதல்நாள் தொடங்கிய வயிற்றுக்குத்து விடியும்போது காய்ச்சலாகிவிட்டது. ஊர் டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். குடல்வால் வெடிக்கப் பார்க்குது, இண்டைக்கே கொழும்பில வெட்டவேணும் என்றார். கொழும்புக்குப் போகும் கந்தளாய்ப் பாதைக்கு மேலால் வெள்ளம் ஓடியது. பிள்ளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு, நான் வேலை செய்யும் கொட்டிலுக்கே பயணியாகப் போனேன்.

கப்டன் தயாராக நின்றார். மாஸ்டர் கையெழுத்து வைக்கவில்லை.

"ஏலாது தங்கச்சி. ரத்மலானை முழுக்க மழை. இறங்க விடுவாங்களோ தெரியாது. மாற்றிடம் கட்டுநாயக்காவும் அதே மழைக்குள்ளதான். இந்தப் பாரத்தோட போனா, சுத்திக்கொண்டு நிக்கவோ திரும்பி வரவோ பெற்றோல் காணாது."

"உங்கட பிள்ளை எண்டா இப்பிடிச் சொல்லுவியளோ? பென்சிலும் தராசும்தானே உங்களுக்குப் பிள்ளை!"

பிள்ளை இல்லாத மனிதரிடம் சொன்னேன். சொன்ன வாயை இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. அவர் தாளைக் கவிழ்த்துப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பிறகு எழும்பி வரிசையைப் பார்த்து நின்றார்.

"இன்னும் நானூற்றி இருபது றாத்தல் பெற்றோல் ஏத்தவேணும். அவ்வளவு பாரம் இதில இருந்து இறங்கவேணும். அதுக்குப் பிறகுதான் கையெழுத்து."

முதலில் கிண்ணியாக் கருவாட்டு முதலாளியைப் பார்த்தார். "முதலாளி, நீங்கள் இருநூற்றிப் பதினாலு."

"நான் ஒராள் இறங்கினா ரெண்டு பேருக்குச் சமன் எண்டு சொல்றீங்க, அதானே? புள்ளைக்காக எண்டா இறங்குறன் மாஸ்டர். ஊரெல்லாம் கேக்க நிறையச் சொல்லாதீங்க."

அவருடைய இரண்டு கருவாட்டுப் பெட்டிகள் நூற்றி இருபது. கொழும்புக்குப் போகவிருந்த புதுமணப் பெண்ணின் தகரப்பெட்டி எழுபது. என் துணிப்பை ஒன்பது. கப்டனின் சாப்பாட்டுக் கரியர் ஐந்து. ஆக நானூற்றிப் பதினெட்டு. மாஸ்டரின் கண் மெல்லக் கீழே இறங்கிக் கப்டனின் காலில் நின்றது.

"ரெண்டு றாத்தலுக்காகவா?" என்றார் கப்டன்.

"உங்கட சப்பாத்துச் சோடி ரெண்டேகால்."

அன்றைக்கு எங்கள் விமானத்தைக் கப்டன் சப்பாத்தில்லாமல் வெறும் மேசோடுதான் ஓட்டினார். மாஸ்டர் கையெழுத்து வைத்துவிட்டு, ரவியின் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "முப்பத்தெட்டு றாத்தல்" என்று மட்டும் சொன்னார்.

ரத்மலானை அவர் சொன்னபடியே மூடிக்கிடந்தது. மழைக்கு மேலே நாற்பது நிமிடம் சுற்றினோம். மகன் என் மடியில் முனகிக்கொண்டிருந்தான். எந்தச் சுற்றில் பெற்றோல் தீரும் என்று நான் பயப்படவில்லை. கணக்குப் போட்டவரை எனக்குத் தெரியும். முகில் ஒரு கதவளவு விலகியபோது கப்டன் உள்ளே நுழைந்து இறங்கினார். ஒரு மணித்தியாலத்துக்குள் ரவியை வெட்டுகிற அறைக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே அது வெடித்திருந்தது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. நாலாம் நாள் கஞ்சி கேட்டான். வெள்ளம் வடிந்து வந்துசேர்ந்த என் கணவர் ஊருக்குத் தந்தி அடித்தார்.

பத்து நாள் கழித்து வேலைக்குத் திரும்பினேன். கருவாட்டு முதலாளிதான் முதலில் பிடித்துக்கொண்டார்.

"புள்ள, அண்டைக்கு மாஸ்டர் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில நிண்ட நிலை இரிக்கே, நான் கண்ணால கண்டன். இரிங்க எண்டன், இரிக்கல்ல. பிளேன் இறங்கிட்டு எண்டு சொன்னாங்க. சரி, இனிச் சாப்பிடுங்க எண்டன். 'இன்னும் வேல முடியல்ல' எண்டு ஆஸ்பத்திரிக்கு ட்ரங்கோல் போட்டாரு. அடுத்த நாளும் போட்டாரு. ட்ரங்கோல் குடுக்கிற பொடிச்சி இவர்ர குரலக் கேட்டாலே அழத் தொடங்கிட்டா."

கொட்டிலுக்குள் தலைமைக் காரியாலயத்தின் கடிதம் ஒன்று கிடந்தது. விமானம் இறங்கிய நேரத்துக்கான கட்டத்தில், மாஸ்டர் என் கணவருடைய தந்தி கிடைத்த நாளையும் நேரத்தையும் குறித்திருந்தார். ஒரு மணித்தியாலப் பறப்பு எப்படி நான்கு நாள் எடுத்தது என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். ரத்மலானையில் தலைமை அனுப்புநர் பதவிக்கு அவருடைய பெயர் போயிருந்த நேரம் அது.

பதிலை எனக்குச் சொல்லித் தட்டச்சு செய்வித்தார். "அன்றைய பயணிகளில் ஆறு வயதுடைய ஒருவர், விமானம் தரையிறங்கிய பின்னரும் வந்துசேர்ந்திருக்கவில்லை. அவர் வந்துசேர்ந்த நேரமே குறிக்கப்பட்டுள்ளது."

என் விரல் நின்றுவிட்டது. "மாஸ்டர், கைப்பிழையா எழுதிப்போட்டன் எண்டு அடிப்பமே? இல்லாட்டிப் பதவி போயிடும்."

"பிழை எங்கை இருக்கு? பொடியன் வந்துசேராமல் நான் எப்பிடிக் கோப்பை மூடுறது? அடியுங்கோ தங்கச்சி."

அடித்தேன். பதவி வேறொருவருக்குப் போயிற்று. "ரத்மலானைக் காத்து எனக்கு ஒத்துவராது" என்றார். ஏசினதற்கு மன்னிப்புக் கேட்க இரண்டு முறை வாயெடுத்தேன். இரண்டு முறையும் பென்சிலைச் சீவித்தரச் சொல்லி என் கையில் தந்துவிட்டார்.

சில வருடத்தில் கம்பனி எங்கள் ஊருக்கு வருவதை நிறுத்தியது. அவர் உப்புவெளியில் வீட்டோடு இருந்தார். ரவி எங்கே போனாலும், பள்ளிக்கூடச் சுற்றுலாவோ கண்டியில் எழுதிய சோதனையோ, போய்ச் சேர்ந்துவிட்டானென்று செய்தி வந்ததும் நான் பஸ் ஏறி அவரிடம் போய்ச் சொல்லிவிடுவேன். "ஓம், சரி" என்பார். அதன்பிறகுதான் எனக்கு நெஞ்சு ஆறும். நெஞ்சு ஆறுவதற்கு எனக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

போன மாதம் ரவி அபுதாபிக்கு வேலைக்குப் போனான். பம்பாயில் விமானம் மாறவேண்டும். இறங்கியதும் தந்தி அடிக்கச் சொல்லியிருந்தேன். நாலு நாள் வரவில்லை. ஏழு நாள் வரவில்லை. என் கணவர் தபால் கந்தோருக்கு நடந்து நடந்து செருப்பு அறுந்தது. நான் குசினியில் உலையை வைத்துவிட்டு அரிசி போட மறந்து நின்றேன்.

பதினோராம் நாள் காலையில் தந்தி வந்தது. சுகமாக இருக்கிறானாம், பம்பாயில் கடுதாசிச் சிக்கலாம். இவர் எங்கள் வாசற்படியிலேயே இருந்து அழுதார். நான் தந்தியை மடித்துச் சட்டைக்குள் வைத்தேன். அடுப்பை அணைத்தேன். பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.

உப்புவெளி பஸ்ஸுக்கு வரிசையில் நின்றபோதுதான், மாஸ்டர் செத்து மூன்று வருடம் என்பது எனக்கு நினைவு வந்தது.

பஸ் வந்தது. ஏறினேன்.