மதகு பூட்டும் நாள்

டெஸ்மண்ட் அன்று காலை ஒரு சபதம் எடுத்தான். தலையே போனாலும் சரி, இந்தப் படகு இன்று ரெண்டு மணிக்குள் மதகைத் தொடக் கூடாது!

காரணம் இருந்தது. குளிர்காலம் வந்தால் கால்வாய்க்காரர்கள் மதகுகளைப் பூட்டிப் பழுது பார்ப்பார்கள். படகைப் படிப்படியாக மேட்டுக்கு ஏற்றிவிடும் பதினோரு மதகுக்கும் இந்த வருஷம் ஆறு வாரப் பூட்டு. இன்று மதியம் ரெண்டு மணியோடு சரி. அதற்குள் ஏறிவிட்டால் ஆறு வாரமும் மேட்டிலேயே கிடக்க வேண்டியதுதான். மேட்டில் இருப்பது மனைவி பெரிலின் அக்கா எனிட் வீடு. கிறிஸ்துமஸுக்குக்கூட ஒரு சொட்டு பீர் கிடைக்காத வீடு. முட்டைக்கோஸை வேகவைத்து, வெந்ததை மறுபடி வேகவைக்கிற வீடு. இந்தப் பக்கமோ, மதகுக்குச் சற்று முன்னால் 'மூன்று வாத்து' பப். கணப்பு, டோமினோ, பீர். படகைக் கட்டிப்போட்டு பஸ்ஸில் போகிற பேச்சுக்கே இடமில்லை. அவர்கள் குடியிருப்பதே இந்தப் படகில்தான்; குளிரில் அடுப்பு அணைந்தால் தண்ணீர் உறைந்து குழாயெல்லாம் வெடித்துவிடும். மனுஷன் வேறு என்னதான் செய்வான்?

வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சுக்கானைப் பிடித்தபடி டெஸ்மண்ட் பின்தட்டில் நனைந்தான். ஏழடி அகல, அறுபதடி நீளப் படகின் உள்ளே, பெரில் அடுப்போரம் காலை நீட்டி ஸ்வெட்டர் பின்னினாள்.

"டெஸ், ஏன் இப்படி ஊர்ற? ஒரு கிழவி நடந்தே நம்மளத் தாண்டிப் போறா!"

"கட்டியிருக்கிற படகைத் தாண்டும்போது மெதுவாத்தானே போகணும்? அதுதானே மரியாதை."

"எங்க இருக்கு படகு?"

"அதோ, வாத்து."

"வாத்துக்கு என்னய்யா மரியாதை?"

"அதுவும் மிதக்குதில்ல?"

பெரில் கதவை இழுத்து மூடிக்கொண்டாள். பதினொரு மணிக்கு பப் தெரிந்தது. டெஸ்மண்ட் சட்டென்று என்ஜினை அணைத்தான். "ஐயையோ!"

"என்னாச்சு?"

"படகைத் தள்ளுற விசிறியில ஏதோ சுத்திக்கிச்சு. கயிறு போல. தண்ணிக்குள்ள கையை விட்டுத்தான் அறுக்கணும்."

"அடப்பாவமே! இந்தக் குளிர்லயா?"

படகைக் கட்டினான். பின்தட்டு மூடியைத் திறந்து, குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டான். தண்ணீர் பனிக்கட்டியாய்க் கடித்தது. விசிறியில் ஒரு நூல்கூட இல்லை. ஆனால் கையை வெளியே எடுக்க முடிந்தால்தானே? எடுத்த மறுநிமிஷம் பெரில் தலையை நீட்டுவாள்.

"பக்கத்துப் படகு ரெஜினால்டைக் கூப்பிடட்டுமா? அஞ்சு நிமிஷத்துல எடுத்துடுவாரு."

"வேணாம் வேணாம்! இது நுணுக்கமான வேலை. பழைய மெத்தை மாட்டியிருக்கு."

"கயிறுன்னு சொன்ன?"

"கயிறு கட்டின மெத்தை."

"ரெண்டு மணிக்குள்ள எடுத்துடு ராசா. அக்கா வழி மேல விழி வச்சிருப்பா."

"தலைகீழா நின்னு பாக்கறேன் கண்ணு."

அவள் போனாள். அரை மணிக்கொரு தரம் வந்தாள். சூடான டீயைக் காட்டி, "கை அழுக்கா இருக்கே, அப்புறம் குடிக்கிறியா?" என்று திருப்பி எடுத்துப் போனாள். மூன்று மணி நேரம்! கை தன்னுடையதுதானா என்ற சந்தேகம் வந்துவிட்டது. ரெண்டு மணிக்கு மழைக்கோட்டுக்காரர் ஒருவர் போய் மதகில் சங்கிலி மாட்டும் சத்தம் கேட்டது. டெஸ்மண்டுக்கு அதைவிட இனிய சங்கீதம் உலகத்தில் இல்லை.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உள்ளே போனான். "எல்லாம் விதி, பெரில். மதகைப் பூட்டிட்டாங்க."

"சரி விடு. போனாப் போகுது."

அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. முப்பத்தெட்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவன் கேட்டிராத வார்த்தை.

"உனக்கு வருத்தமா இல்லையா?"

"எதுக்கு? இந்த மழையில பதினோரு மதகையும் இறங்கி ஓடி ஓடித் திறக்கிறது யாரு? நான். நீ சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு அதிகாரம் பண்ணுவ."

"அப்போ... காலையிலேர்ந்து போகணும் போகணும்னு குதிச்சியே?"

"வேணாம்னு சொல்லியிருந்தா நீ போயே தீருவேன்னு நின்னிருப்பியே, ராசா!"

டெஸ்மண்டுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என்ன? பீர் பீர்தான். யார் ஜெயித்தால் என்ன, பப் ஓடியா போகும்? காய்ந்த கோட்டை எடுத்து மாட்டினான்.

"எங்க கிளம்பிட்ட?"

"சும்மா... கரைக்கு."

"நல்லதாப் போச்சு. பாலத்துகிட்ட அக்கா டாக்ஸி வந்து நிக்குது பாரு."

"எந்த அக்கா?"

"எனக்கு எத்தனை அக்கா? நீ இந்த பப்கிட்டதான் நிறுத்துவன்னு தெரியும், நேத்தே போன் பண்ணிட்டேன். நகர்ற படகுல ஏறினா அவளுக்கு வாந்தி வரும். இதுதான் ஆறு வாரத்துக்கு அசையாதே! போ, ஏழு பெட்டி இருக்காம்."