ஸ்வெட்டர் போட்ட சௌகரியம்

நான் இதுவரை சொன்ன பொய்களிலேயே நேர்த்தியான பொய் நாற்பது பக்கம் இருக்கும். வண்ணப் படங்கள் உண்டு, ஸ்பைரல் பைண்டிங்கும் உண்டு.

அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்ன கன்சல்டன்சியில் எனக்கு முதல் வேலை. பக்கத்து ஊர் கிள்ளானில் சரக்கு அனுப்பும் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனி தன் அலுவலகத்துக்குப் பசுமைக் கட்டடச் சான்றிதழ் கேட்டிருந்தது. உள்ளே இருப்பவர்களுக்கு அந்த வெப்பநிலை ஒத்துக்கொள்கிறதா என்று கருவி வைத்து அளந்து, ஆளாளுக்குப் படிவம் நிரப்பி வாங்கி, ஆதாரத்துடன் அறிக்கை தருவது என் பொறுப்பு.

"இது ஒழுங்கா முடிஞ்சா உன்னை வேலையில கன்ஃபர்ம் பண்றேன்" என்றார் மேனேஜர். (முடியாவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை. விடை அவர் முகத்திலேயே இருந்தது.)

வெளியே கிள்ளான் வெயிலில் தார் இளகிக்கொண்டிருந்தது. உள்ளே மீன் விற்பவரின் ஐஸ் பெட்டியில் இறங்கியது போல இருந்தது. ஏர்கானைக் கூட்டிக் குறைக்கும் அதிகாரம் மேல்மாடி முதலாளிக்கு மட்டும்தான். அவருக்கோ எந்நேரமும் வேர்க்கும்.

அங்கே வேலை பார்த்த கமலா அக்கா, பக்கத்துப் பண்டமாரான்காரர். அவருடைய நாற்காலி, குளிர்காற்று இறங்கும் துவாரத்துக்கு நேர் கீழே.

"ஒரு வருசமா சொல்றேன் தம்பி, யாரும் கேக்கல. வலது தோளத் தூக்கவே முடியல. உன் ஃபாரத்துல எழுதுனாலாச்சும் மேல போகுமா?"

"போகும்க்கா" என்றேன்.

அவர் 'மிகவும் குளிர்' என்ற கட்டத்தில் அழுத்தி டிக் போட்டார். அதைப் பார்த்து மற்றவர்களும் போட்டார்கள். என் வேலை கண்ணெதிரே உறைந்துகொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"இது ஃபெயிலானா எனக்கு வேலை போயிரும்க்கா."

நம் ஆட்களிடம் இதை மட்டும் சொல்லவே கூடாது.

"முன்னாடியே சொல்ல மாட்டியா லா!" என்று பாய்ந்து வந்தார் டெலிவரி பிரிவு செல்வம் அண்ணன். "எந்தக் கட்டத்துல போடணும், காட்டு!"

கால் மணி நேரத்தில் பதினாறு பேரும் புதுப் படிவம் வாங்கி 'சௌகரியம்' என்று டிக் போட்டார்கள். கமலா அக்கா இடது கையால் போட்டார்.

"எனக்கென்ன, பழகிருச்சு. உனக்கு இப்பத்தானே ஆரம்பம். சாப்டியா தம்பி?"

அத்தோடு நிற்கவில்லை. "பாவம், இதுவும் குளிர்ல கெடக்கு" என்று என் அளவுக் கருவியைத் தூக்கி ஜன்னலோர வெயிலில் வைத்தார். நான் பார்த்தேன். படிவங்களை அடுக்கப் போனேன். ஒரு வாரம் அது சுகமாக வெயில் காய்ந்தது.

ஆதாரத்துக்கு ஒரு குரூப் போட்டோவும் எடுத்தேன். எல்லோரும் அழகாகச் சிரித்தார்கள்.

சான்றிதழுக்கு மதிப்பிட எங்கள் அலுவலகத்துக்கு வந்த மலாய் அம்மையார், புவான் ரொஹானா. வெப்பநிலை வரைபடத்தைப் பார்த்துத் தலையசைத்தார். படிவங்களைப் பார்த்தும் தலையசைத்தார். நான் மனத்துக்குள் கன்ஃபர்மேஷன் கடிதத்துக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டேன். அடுத்த பக்கத்தில், அந்தக் குரூப் போட்டோவில், அவர் கை நின்றது. அறிக்கையை என் பக்கம் திருப்பினார்.

பதினாறு பேர், பதினைந்து ஸ்வெட்டர்கள். மிச்சமிருந்த செல்வம் அண்ணன் மோட்டார் சைக்கிள் மழைக்கோட்டில் இருந்தார். கமலா அக்கா தலையைச் சுற்றி மப்ளர். கீழே நானே எழுதிய வரி: 'சௌகரியமாகப் பணியாற்றும் ஊழியர்கள்'.

"இது கிள்ளான்தானே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"யெஸ், புவான்."

"ஸ்வெட்டர் போடும் கேமரன் மலை இல்லையே?"

பக்கத்திலிருந்த மேனேஜர் அறிக்கையை இழுத்து மூடினார். சான்றிதழும் வரவில்லை, கன்ஃபர்மேஷனும் வரவில்லை; வேலை போயிற்று.

மூன்று மாதம் கழித்து, அந்த முதலாளி ஏர்கானை ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். நான் தோற்றதில் ஒருவருக்காவது நன்மை என்று துள்ளிக்கொண்டு அக்காவுக்கு அலுவலகத்துக்கே போன் போட்டேன். செல்வம் அண்ணன்தான் எடுத்தார்.

"அக்கா போன மாசமே வேலைய விட்டுட்டாங்க லா. தோளு தாங்கல. போறப்ப உன்னத்தான் கேட்டாங்க. வேற வேலை கெடச்சிருச்சான்னு."

"கெடச்சிருச்சுண்ணே" என்றேன். (கிடைக்கவில்லை. என் பங்குக்கு நானும் ஒரு டிக் போட்டேன்.)

இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இன்றும் காய்ச்சலில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு, "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்" என்றால் போதும், மகளைக் கூப்பிட்டுவிடுவாள்.

"உங்கப்பா டிக் போட்டுட்டாரு! போர்வையோட ஒரு போட்டோ எடு!"

வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன், போட்டோவில் அந்தப் பதினாறு பேர் சிரித்த மாதிரி.