இறக்கை நுனியைப் பிடித்தவன்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. சொன்ன பொய்யை நானே நம்பிவிடுவேன். பதினேழு வயதில், கேடட் முகாமில் கிளைடர் ஓட்டுவதாக வீட்டில் சொல்லி வைத்திருந்தேன்.

உண்மை என்னவென்றால், இன்ஜின் இல்லாத அந்த விமானத்தை ஓடுதளத்தின் மறுகோடியிலிருந்து ஓர் இயந்திரம் கம்பி கட்டி இழுக்கும். கிளம்பும்போது ஒரு பக்கம் சாயாமலிருக்க, ஒருவன் இறக்கை நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடவேண்டும். பத்து எட்டில் விட்டுவிடவேண்டும். மூன்று வாரமாக ஓடிக்கொண்டிருந்தவன் நான். (வீட்டில் கால் வலி என்றால், "பெடல் மிதிச்சியா?" என்று கேட்டு எண்ணெய் தேய்த்துவிடுவார்கள்.)

கடைசி நாளில் எனக்கும் பயிற்சியாளரோடு ஒருமுறை ஏற வாய்ப்பு வந்தது. பொய் உண்மையாகப்போகும் தைரியத்தில் அப்பாவை வரச் சொன்னேன். அம்பத்தூரில் லேத் ஓட்டுபவர். லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போடும் சட்டையில், அக்காவோடு திருநின்றவூரிலிருந்து வந்து வேலியோரம் நின்றார்.

எனக்கு முந்தியவன் ஏறினான். நான் இறக்கையோடு ஓடினேன். ஓடிக்கொண்டே திரும்பிப் பார்த்தேன். அப்பா கையை ஆட்டினார். நானும் ஒரு கையை ஆட்டினேன். விடவேண்டிய மறு கையை விட மறந்துவிட்டேன். கிளைடர் என் பக்கம் சுழன்று, இறக்கை நுனி மண்ணைக் கீறி நின்றது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

"இன்னிக்கு ஒருத்தனும் பறக்க வேணாம். வண்டிய ஷெட்டுக்குத் தள்ளுங்க" என்றார் பயிற்சியாளர். முகாமும் அதோடு முடிந்தது. அப்பா பார்க்க, அதையும் நானே தள்ளினேன். அழுகையை அடக்க முடியவில்லை.

திரும்பும் ரயிலில் ஆவடி தாண்டும்போது அப்பா கேட்டார்.

"இத்தினி நாளும் ஓடிக்கினுதான் இருந்தியாடா?"

"ஆமாம்பா."

"எங்கிட்டனா சொல்லிருக்கலாம்ல."

அதிலிருந்து, ஸ்கூட்டர் கிளம்பாவிட்டால் அக்கா, "பைலட்ட கூப்டு, தள்ளி வுடுவான்" என்பாள். வீடே சிரிக்கும். அப்பா மட்டும் சிரிக்கமாட்டார். இன்னும் கோபம் போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

என் கல்யாணத்தன்று அப்பாவோடு வேலை பார்த்தவர் ஒருவர் மேடையேறி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீ பிளேன் ஓட்னத உங்க நைனா கண்ணால பாத்தாராமே. கம்பெனி பூரா சொல்லிக்கினு இருந்தாரு. மேலேர்ந்து பாத்தா ஏரியெல்லாம் எப்டி கீது?"

பக்கத்தில் நின்ற அப்பா தரையைப் பார்த்தார்.

"சின்னதா தெரியும் மாமா" என்றேன். எவ்வளவு சின்னது என்று கையால் வேறு காட்டினேன்.

அன்றிலிருந்து அக்காவின் ஜோக்குக்கு வீட்டில் இரண்டு பேர் சிரிப்பதில்லை.