ஒத்தைப்பனை மேட்டில் இறால் கல்யாணம்

பிரபாகரன் எழுந்தான். பல் தேய்த்தான். தோசை ஊற்றினான். பிய்ந்தது. பிய்ந்ததையே தின்றான். பொன்னேரியில் பஸ் ஏறிப் பழவேற்காட்டில் இறங்கினான். ஏரிக்கரைக் குப்பத்துத் தொடக்கப்பள்ளிக்கு நடந்தான். பூட்டைத் திறந்து கரும்பலகையில் நான்கு கட்டம் போட்டான். யார்? எங்கே? என்ன சிக்கல்? எப்படி முடிந்தது?

இந்த நான்கையும் நிரப்பிவிட்டால் கதை தானாக வந்துவிடும் என்று பயிற்சி முகாமில் சொல்லியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை கல்வி அலுவலர் வருகிறார். நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளையாவது சொந்தமாகக் கதை எழுதிக் காட்ட வேண்டும். போன தடவை ஒருவரும் எழுதவில்லை. இந்தத் தடவையும் இல்லையென்றால் மெமோதான் என்று அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பிள்ளைகள் எழுதினார்கள். ஆள் இருந்தான், சிக்கல் இருந்தது, முடிவும் இருந்தது. ‘எங்கே’ கட்டம் மட்டும் எல்லார் தாளிலும் வெறுமையாகக் கிடந்தது.

“லோகேஷ், உன் கதையில மாமா கூடை கூடையா நண்டு பிடிக்கிறார். எங்க பிடிச்சார்?”

“அத்த சொல்லக் கூடாது சார்.”

“ஏன்?”

“மீன் கெடச்ச எடத்த வெளிய சொன்னா நைனா தோல உரிச்சிடும்.”

“இது கதைடா. நடக்காதது.”

“நடக்காட்டியும் சொல்லக் கூடாது சார்.”

வகுப்பே தலையாட்டியது.

“இடம் இல்லாத கதை கதையே இல்லை. எல்லாரும் நாளைக்கு இடத்தோட எழுதிட்டு வாங்க.”

மறுநாள் ஒரே ஒருத்திதான் எழுதி வந்தாள். ராஜாத்தி. வகுப்பில் இருக்கிறாளா இல்லையா என்றே தெரியாத பெண். அவளுடைய அம்மா இந்திராணி, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடிக்கிறவள்.

கதை இதுதான். ஏரிக்குள் தொலைவில் இருக்கும் ஒத்தைப்பனை மேட்டுக்கு வடக்கே ஓர் இறாலுக்குக் கல்யாணம். ஏரியில் இருக்கிற இறாலெல்லாம் வந்துவிட்டன. திரும்பிப் போக வழியில்லாமல் நெரிசல். வெள்ளிக்கிழமை விடிந்தும் பந்தி முடியவில்லை.

பிரபாகரன் இரண்டு முறை படித்தான். மாதக்கணக்காக அவன் முகத்தில் எதுவும் நடந்ததில்லை. அன்று வாயோரம் லேசாக அசைந்தது. தாளைப் படம் எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் போட்டான். அந்தக் குழுவில் அவன் போட்ட எதையும் அதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லை. இதை, பள்ளி மணி அடிப்பதற்குள் குப்பமே படித்துவிட்டது.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் லோகேஷின் நைனா தருமலிங்கம் காத்திருந்தார்.

“இன்னா சார், கல்யாணப் பத்திரிக வெச்சிட்டீங்க. மேட்டுக்கு வடக்கன்னா ஒட்டியா, தள்ளியா?”

“ஐயோ, அது குழந்தை எழுதின கதைங்க. எல்லாம் கற்பனை.”

“நாங்களும் அப்டித்தான் சார் சொல்லுவோம்.”

பிரபாகரன் பஸ்ஸில் உட்கார்ந்து குழுவில் எழுதினான்: “ஒத்தைப்பனை மேட்டில் இறால் எதுவும் கிடையாது. தயவுசெய்து யாரும் போக வேண்டாம்.”

அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவர்களும் டீசல் வாங்கக் கிளம்பினார்கள்.

பயந்துபோய்ப் படத்தையே அழித்தான். உடனே சாம்சன் என்கிற படகுக்காரரின் குரல் குழுவில் வந்தது: “சார் அழிச்சிட்டாருப்பா. வேற யாருக்கோ தனியா சொல்லிட்டாரு. நாம முந்திக்கணும்.”

வெள்ளிக்கிழமை காலையில் கரையில் ஒரு மோட்டார் போட்டுகூட இல்லை.

அலுவலர் வந்து நாற்காலியில் உட்காரவும், போட்டுகள் வெறும் வலையோடு திரும்பவும் சரியாக இருந்தது. தருமலிங்கம் முன்னால் வர, ஈர லுங்கியோடு பத்துப் பேர் வகுப்புக்குள் நுழைந்தார்கள்.

“மேடம், மொதல்ல இந்த சார மாத்துங்க. டீசல் ஊத்தி அவ்ளோ தூரம் போனோம். எறா மீச கூட கண்ணுல படல.”

அலுவலர் திரும்பினார். “என்ன சார் பண்ணீங்க?”

“கதை எழுதச் சொன்னேன் மேடம்.”

அவர் ராஜாத்தியின் தாளை வாங்கிப் படித்தார். மெதுவாக மடித்தார்.

“இதைப் படிச்சிட்டா போனீங்க? எல்லாருமா?”

தருமலிங்கம் தரையைப் பார்த்தார். “பக்கத்து ஊரு தோணிரேவுக்காரனுங்களும் வந்துட்டானுங்க மேடம். கல்யாணக் கூட்டந்தான். பொண்ணு மாப்பிள்ளதான் வரல.”

அலுவலர் வாயைப் பொத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருமினார். பிறகு சொன்னார்: “பிரபாகரன், ரெண்டு ஊரை நம்ப வெச்சிருக்கா ஒரு நாலாங்கிளாஸ் குழந்தை. சொந்தக் கதைன்னா இதுதான். மெமோவெல்லாம் கிடையாது. நானே மேலிடத்துல சொல்றேன்.”

பிரபாகரன் மூச்சு விட்டான்.

அந்த நேரம் பார்த்து, ஏலத்துக்குப் போகிற வழியில், இந்திராணியும் நாலைந்து பெண்களும் என்ன கூட்டம் என்று வாசலில் எட்டிப் பார்த்தார்கள். பறிகளில் இறால் வாய் வரை நிறைந்து துள்ளியது. தருமலிங்கத்தின் கண் அங்கேயே நின்றுவிட்டது.

“எங்கம்மா புடிச்ச இவ்ளோ?”

“நாங்க எங்கண்ணா போறது? இங்கதான், கரையாண்ட. தெனமும் ஒங்க போட்டு வந்து சேத்தக் கலக்கி வுட்டுடும். இன்னிக்கு ஒண்ணும் வரல. எல்லாம் அப்டியே குந்தினு இருந்துச்சு.”

அலுவலருக்கு இறாலில் நாட்டமில்லை. ராஜாத்தியைத் தட்டிக்கொடுத்தார்.

“திங்கட்கிழமைக்கு இன்னொரு கதை எழுதிக் குடும்மா. மாவட்டத்துக்கு அனுப்பறேன்.”

ராஜாத்தி எழுந்து கையைக் கட்டிக்கொண்டாள். வாசலில் இந்திராணி கண்ணை உருட்டினாள், வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். பெண் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

“திங்கக்கெழமைக்கு எந்த எடம்னு அம்மா இன்னும் சொல்லல மேடம்.”