கன்னத்துக்கு வந்த பதில்

காலை பத்து நாற்பதுக்கு, என் மகளின் தோலில் எந்தக் கோளாறும் இல்லை என்று டாக்டரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. எல்லாம் கெட்டுப்போகத் தொடங்கியது அப்போதுதான்.

அது 2005, மார்ச் மாதம். கௌரி மரக்காணம் உப்பளத்தில் மூட்டைகளை எடை போடும் வேலையில் இருந்தாள். மேலே ஒரு வெயில்; பாத்தி உப்பிலிருந்து எதிரடிக்கும் இன்னொரு வெயில். அவள் கன்னத்து மச்சம் சில மாதமாகக் கோணலாக வளர்ந்துகொண்டிருந்தது. ஆசிரியர்களுக்கான கம்ப்யூட்டர் பயிற்சியில் நான் இணையத்தில் தேடக் கற்றிருந்தேன் (உருப்படியாகக் கற்றது அது ஒன்றுதான்). தோல் புற்றுநோய் பற்றி ஒரு மருத்துவமனை போட்டிருந்த பாடம் கிடைத்தது. மச்சம் வளர்ந்தால், நிறம் மாறினால், ஓரம் கோணினால் காட்ட வேண்டுமாம். படம் அனுப்பினால் புதுச்சேரியிலிருந்தே பார்த்துச் சொல்வார்களாம். மச்சத்தைப் பற்றி உடனே எழுதி அனுப்பினேன்; படம்தான் பாக்கி. அதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் போயிற்று. தெருவில் வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கும் முன்பே மச்சத்தைப் பார்க்கத் தொடங்கினேன்.

எங்கள் ஊரில் டிஜிட்டல் கேமராவும் இன்டர்நெட்டும் ஒரே கூரையின் கீழ் இருந்தது ஏழுமலையின் போட்டோ ஸ்டுடியோவில்தான். கௌரியை அங்கே கூட்டிப்போனேன்.

"டாக்டருக்கு அனுப்பணும்பா. கன்னம் நல்லா தெரியணும்."

"கவலைய வுடுங்க டீச்சர். சூப்பரா அனுப்பிடறேன்."

படத்தைப் பார்க்காமலே பள்ளிக்கு ஓடிவிட்டேன்.

மறுநாள் இடைவேளையில் பதிலை அச்செடுத்து, முதல் வரியைப் படித்து, ஸ்டுடியோவிலேயே அழுதேன். ஆசிரியர் அறை முழுக்க மைசூர்பாகு கொடுத்தேன். மாலையில் கௌரி ஒரு துண்டை மென்றுகொண்டே அந்தத் தாளைப் படித்தாள்.

"அம்மா, ரெண்டாவது வரியில 'நீங்க சொன்ன மச்சம் எங்க?'ன்னு கேட்டிருக்காரே?"

ஸ்டுடியோவுக்கு ஓடினோம். ஏழுமலை பெருமையாகப் படத்தைத் திறந்தான். திரையில் கௌரி இருந்தாள், மச்சம் இல்லை. நிறம் வேறு இரண்டு படி வெளுத்திருந்தது.

"மச்சம் எங்கடா?"

"தொடச்சிட்டேன் டீச்சர். மாப்பிள்ள வீட்டுக்கு அனுப்பற படத்துக்கெல்லாம் அப்படித்தான் செய்றது. உங்களுக்கு ஃப்ரீ."

"டாக்டருக்குன்னு சொன்னேனே!"

"மாப்பிள்ள டாக்டர்னு நெனச்சிட்டேங்க."

கௌரி விழுந்து விழுந்து சிரித்தாள். "இப்பவே புதுசா எடு. எதையாவது தொட்டே, கம்ப்யூட்டரைத் தூக்கிக் கடல்ல போட்டுடுவேன்" என்று சொல்லிவிட்டு, படம் போய்ச் சேரும் வரை அவன் நாற்காலிக்குப் பின்னாலிருந்து நான் நகரவில்லை.

இந்த முறை பதில் ஒரே வரி: நேரில் வாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

மச்சத்தை வெட்டி எடுத்துப் பரிசோதித்தார்கள். புற்றுநோய்தான், ஆனால் ஆரம்பம். முழுவதும் எடுத்தாயிற்று என்றார் டாக்டர். மைசூர்பாகை அதன் பிறகு நான் தொட்டதே இல்லை. கௌரிக்கு மட்டும் எல்லாம் வேடிக்கை. புடவையில் கறை பட்டாலும் சுவரில் விரிசல் விட்டாலும், "ஏழுமலைகிட்ட குடும்மா, தொடச்சிடுவான்" என்பாள்.

நான் விடுவதாக இல்லை. அந்தப் பாடத்தைத் தமிழில் எழுதி, உப்பளத்தில் வீடு வீடாகச் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளியில் கூட்டம் வைத்தேன். மச்சங்களைப் படமெடுத்து டாக்டருக்கு அனுப்பக் கடன் வாங்கிய கேமராவோடு மதியம் வரை காலி பெஞ்சுகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஒருவன் வந்தான். ஏழுமலை. கதவைச் சாத்திவிட்டு, சட்டையைக் கழற்றி, முதுகைக் காட்டினான்.

"ரொம்ப நாளா இருக்குது டீச்சர். நீங்களே எடுத்து அனுப்புங்க. தொடச்சிடாதீங்க."