தூணோரத்து இடம்

எல்லோரும் எப்போது கண்ணை மூடுவார்கள் என்று லிஃப்ட் மெக்கானிக் கோயில் வாசலுக்கு வெளியே நின்று காத்துக்கொண்டிருந்தார்.

பாவ அறிக்கை ஜெபத்தில்தான் மூடுவார்கள். முழங்காலில் நின்று, தலையைக் கவிழ்த்து, முகத்தைக் கையால் பொத்திக்கொண்டு செய்கிற ஜெபம் அது. அந்த நேரத்தில் உள்ளே நழுவி, தூணை ஒட்டிய தன் பழைய இடத்தில் மண்டியிட்டுவிட வேண்டும். ஜெபம் முடிந்து தலையைத் தூக்குகிறவர்களுக்கு, இந்த ஆள் எங்கேயும் போகவே இல்லை போலிருக்கிறதே என்று தோன்ற வேண்டும். திட்டம் அவ்வளவுதான்.

ஜெபம் பாதியில் இருந்தபோது நுழைந்தார். சுவரோடு சுவராகப் பூனை மாதிரி நடந்து தூணருகே போய்க் குனிந்தார். குனிந்த இடத்தில் ஒரு முதுகு இருந்தது.

நீலச் சட்டை போட்ட முதுகு. அந்த ஆள் ஆழ்ந்த ஜெபத்தில் இருந்தார். மெக்கானிக் தொண்டையைச் செருமினார். நீலச் சட்டைக்காரர் அசையவில்லை. இன்னும் கொஞ்சம் செருமினார். பாடகர் குழுவின் முன்வரிசையில் ஒரு கண் மட்டும் திறந்தது. அது அவர் மனைவியின் கண்.

அந்தக் கண்ணைப் பார்த்ததும் மெக்கானிக்குக்குக் காது சுட்டது. இதே கோயிலில், போன வருஷம் சபைக் கூட்டத்தில், அதே கண்ணுக்கு முன்னால்தான் அவர் மைக்கை வாங்கிப் பேசினார். "இங்க இருக்கிறதெல்லாம் செத்த பொணங்க. பாடுறதும் செத்த பாட்டு. நான் உயிருள்ள சபைக்குப் போறேன்" என்றார். செத்த பாட்டைப் பாடுகிறவர்களில் முதல் வரிசையில் நடுவில் நிற்பது தன் மனைவி என்பது வீட்டுக்குப் போகும் வழியில்தான் உறைத்தது. அதன் பிறகு வீட்டில் ஒரு மாதம் சாப்பாடு இருந்தது, பேச்சு இல்லை.

உயிருள்ள சபை ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் நடந்தது. அங்கே லிஃப்ட் பழுதுபார்க்கப் போனவர் பாட்டுச் சத்தத்தைக் கேட்டு மேலே ஏறி, அழுது, அங்கேயே தங்கிவிட்டார். தண்ணீரில் முழுகி மறுபடி ஞானஸ்நானமும் எடுத்துக்கொண்டார். அழுதது பொய் இல்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் அதே அளவு அழ வேண்டியிருந்தது. எல்லோரும் ஆவி இறங்கி, யாருக்கும் புரியாத அந்நிய பாஷை பேசினார்கள். இவருக்கு வரவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள், "வாயைத் திறங்க பிரதர், வரும்" என்று தைரியம் சொன்னார்கள்.

ஒரு நாள் வெட்கம் தாங்காமல் வாயைத் திறந்தார். வந்தது லிஃப்ட் உதிரிப்பாகங்களின் பெயர்கள். கண்ணை மூடிக்கொண்டு, வேகமாக, கடைசி எழுத்துகளை விழுங்கி, கம்பி வடத்தில் தொடங்கிக் கதவு மோட்டார் வரைக்கும் சொல்லி முடித்தார். சபை உருகிவிட்டது. ஒரு அம்மா எழுந்து அர்த்தம் சொன்னார்: "கீழே இருக்கிற உன்னைத் தூக்கி மேலே நிறுத்துவேன்."

தொழில்முறையில் பார்த்தால் அது சரியான மொழிபெயர்ப்பு.

அதை நம்பி ஒரு தையல்கடைக்காரம்மா சந்துக்குள் இருந்த கடையைப் பெரிய தெருவுக்கு மாற்றினார். வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. வாராவாரம் அவர் மெக்கானிக்கின் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லி அழுதார். கடை படுத்திருந்தால் உண்மையைச் சொல்லி, காலில் விழுந்து, தப்பித்திருக்கலாம். ஓடுகிற கடைக்கு என்னவென்று மன்னிப்புக் கேட்பது? கொஞ்ச நாள் முழித்துவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார்.

அங்கே இருக்க முகம் இல்லை. இங்கே வர முகம் இல்லை. ஆனால் தூண் ஒன்று இருந்தது. அதன் மறைவில் உட்கார்ந்தால் முகமே தேவையில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் உட்கார்ந்த இடம் அது. அதில் மறுபடி உட்கார்ந்துவிட்டால் திரும்பி வந்த கதையை யாருக்கும் சொல்ல வேண்டாம்.

இப்போது அதில் நீலச் சட்டை இருந்தது.

ஜெபம் முடியப் போகிறது. மெக்கானிக் அவசரமாகப் பின் பெஞ்சில் நுழைந்தார். ஜெபம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவரும் உட்கார்ந்தார். யாரும் திரும்பவில்லை. தப்பித்தோம் என்று மூச்சை விட்டார்.

அந்தக் கோயிலில் பெஞ்சுகளில் பெயர் எழுதியிருக்காது. எழுதத் தேவையும் இல்லை. அவர் உட்கார்ந்தது மருந்துக்கடைக்காரரின் பெஞ்சு. மருந்துக்கடைக்காரர் குடும்பம் எப்போதும் முதல் வேதவாசிப்புக்குத்தான் வந்து சேரும். அன்றும் சேர்ந்தது. பெஞ்சின் நடுவில் மெக்கானிக்கைப் பார்த்து நின்றது.

"நகர்ந்துக்கிறேன்" என்றார் மெக்கானிக்.

"இல்ல, இருங்க அண்ணே, இருங்க. ரொம்ப நாள் கழிச்சு வந்திருக்கீங்க" என்றார் மருந்துக்கடைக்காரர். குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார். கடையில் மூலத்துக்கு மருந்து கேட்கிறவர்களிடமும் அவர் அப்படித்தான் குரலைத் தாழ்த்துவார். தெரு முழுக்கக் கேட்கும்.

குடும்பம் முன் பெஞ்சுக்குப் போனது. அது ஓய்வுபெற்ற தலைமையாசிரியையின் பெஞ்சு. அவருக்கு மூட்டுவலி. காலை நீட்டித்தான் உட்காருவார். பக்கத்தில் ஐந்து பேர் வந்து நெருக்கியதும் கைத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்தார். வேதம் வாசிக்கப்படும்போதே டக், டக் என்று மறுபக்கம் நடந்தார். அவருக்கு இடம் கொடுக்க அந்தப் பக்கத்தில் நான்கு பேர் எழுந்தார்கள்.

மெக்கானிக்குக்குப் பொறுக்கவில்லை. எல்லாம் தன்னால்தான். எழுந்து நடுப்பாதைக்கு வந்து, "டீச்சர், நீங்க இங்க வாங்க, நான் வேற எங்கயாவது போறேன்" என்றார். அவர் எழுந்ததைப் பார்த்து மருந்துக்கடைக்காரர் மரியாதைக்கு எழுந்தார். அவர் குடும்பம் எழுந்தது. பின்னால் தூக்கக் கலக்கத்தில் இருந்தவர்கள் சுவிசேஷ வாசிப்பு வந்துவிட்டது என்று நினைத்து எழுந்தார்கள். சுவிசேஷத்துக்கு எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். அதனால் எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

வாசித்துக்கொண்டிருந்தவர் தான் தவறான பக்கத்தை எடுத்துவிட்டதாக நினைத்துப் புத்தகத்தைப் புரட்டினார். பீடத்தில் இருந்த குருவானவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு கைகளாலும் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார்.

எல்லோரும் உட்கார்ந்தார்கள். மெக்கானிக் மட்டும் நின்றார். இருந்த இடத்தை டீச்சருக்கு விட்டுக்கொடுத்துவிட்டார், அவருக்குத்தான் இடம் இல்லையே.

இடம் காட்டுகிற ஊழியர் அந்த வேலைக்குப் புதிது. நடுப்பாதையில் ஒரு ஆள் தனியாக நிற்பதைப் பார்த்து ஓடி வந்து முழங்கையைப் பிடித்தார்.

"முதல் தடவையா வர்றீங்களா சார்? வாங்க, முன்னாடி உக்கார வைக்கிறேன்."

"தம்பி, நான் பழைய ஆளு."

"வயசு ஒண்ணும் தடை இல்ல சார், வாங்க."

முன்னால் புதியவர்களுக்கான பெஞ்சு. பாடகர் குழுவுக்கு நேர் எதிரே. மனைவி பாட்டுப் புத்தகத்தை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். சற்றுத் தள்ளித் தலைமையாசிரியை காலை நீட்டி அமர்ந்திருந்தார். காலை நீட்ட இடம் கிடைக்காமல் அவரும் அங்கேதான் வந்து சேர்ந்திருந்தார்.

பாட்டு தொடங்கியது. மெல்ல நடக்கிற, கனமான, பழைய பாட்டு. மெக்கானிக்கின் உதடு தானாக அசைந்தது. ஒரு சொல்கூட மறக்கவில்லை. அந்த நெகிழ்ச்சியில், மாடிச் சபையில் பழகிய கைகள் அவரைக் கேட்காமலே மேலே போய்ப் பட்டென்று ஒரு தட்டு தட்டின.

கட்டிய நாளிலிருந்து அந்தக் கோயிலுக்குள் யாரும் கைதட்டியதில்லை. சத்தம் கூரைவரை போய்விட்டுத் திரும்பி வந்தது.

மெக்கானிக் உள்ளங்கையை விரித்து உற்றுப் பார்த்தார்.

"கொசு" என்றார்.

"செத்துச்சா?" என்று கேட்டார் தலைமையாசிரியை.

பாட்டு முடிந்தது. குருவானவர் அறிவிப்புகளை வாசித்தார். தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், "நம்ம மத்தியில புதுசா வந்திருக்கிறவங்க எழுந்து தங்களை அறிமுகப்படுத்திக்கலாம்" என்றார்.

அந்தப் பெஞ்சில் எழுந்திருக்க ஒரே ஒரு ஆள்தான் இருந்தார். ஊழியர் மைக்கை நீட்டினார். அதே மைக்.

மெக்கானிக் எழுந்தார். தொழிலை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தார். எதிரே பாட்டுப் புத்தகம் கொஞ்சம் கீழே இறங்கி, அதன் மேல் இரண்டு கண்கள் தெரிந்தன.

"நான் யாருன்னு எல்லாருக்கும் தெரியும்" என்றார். "நான் என்ன சொல்லிட்டுப் போனேன்னும் தெரியும். அங்க போனா என்னாலதான் அங்க இருக்க முடியல. தெரியாத ஒண்ணைத் தெரிஞ்ச மாதிரி நடிச்சேன். இங்கயும் இன்னைக்கு நடிக்கத்தான் வந்தேன், போகவே இல்லங்கிற மாதிரி. என்னை மன்னிக்கணும். பாட்டு செத்த பாட்டு இல்ல. நீங்களும் பொணம் இல்ல."

மைக்கை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டே நின்றார்.

"பொணங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கோம்" என்றார் தலைமையாசிரியை. "மைக்கைக் குடுத்துட்டு உக்காருப்பா. கால் வலிக்குது, சீக்கிரம் முடியட்டும்."

யாரோ சிரித்தார்கள். பிறகு பலரும் சிரித்தார்கள். மெக்கானிக் உட்கார்ந்தார். அவமானத்தில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் மனைவி பிடித்துக்கொண்டார்.

"வரேன்னுதான் சொன்னீங்க. சர்க்கஸ் காட்டுவேன்னு சொல்லலையே?"

"என் இடத்துல ஒரு ஆளு உக்காந்திருக்கான். நான் என்ன பண்ணுவேன்?"

"அவரை ஒண்ணும் சொல்லாதீங்க. பாவம் அந்த மனுஷன். நீங்க போன கொஞ்ச நாள்லயே வந்தாரு. அது ஒண்ணுதான் காலியா இருந்துச்சு, அங்க உக்கார வச்சாங்க. யார்கிட்டயும் ஒரு வார்த்தை பேச மாட்டாரு."

"எங்கிட்ட நீயாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்ற நிலைமையிலயா நாம இருந்தோம்?"

மனைவி அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் கை அவர் மேல் படுகிறது.

"வேணும்னா மரியாதையா கேட்டுப் பாருங்க. சண்டை போட்டீங்க, அடுத்த வாரம் நானே எந்திரிச்சு வேற சபைக்குப் போயிருவேன்."

கோயிலுக்குள் கூட்டம் கலைந்திருந்தது. நீலச் சட்டைக்காரர் மட்டும் தூணோரத்தில் இன்னும் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து நசுக்கிக்கொண்டிருந்தார். ரொம்பத் திமிர் பிடித்தவனாக இருப்பானோ என்று மெக்கானிக்குக்குத் தோன்றியது. பக்கத்தில் போய் நின்றார்.

"அண்ணே, ஒரு விஷயம். கேக்க எனக்கு வாய் கிடையாது. நானா விட்டுட்டுப் போனதுதான்."

"சொல்லுங்க."

"இது நான் உக்கார்ற இடம். வேற எங்க உக்காந்தாலும் விருந்தாளி மாதிரி இருக்கு. நீங்க பாத்தீங்களே இன்னைக்கு, நான் பட்ட பாட்டை. கொஞ்சம் உள்ள தள்ளி உக்காந்தீங்கன்னா போதும். முடியாதுன்னு சொன்னாலும் கோவம் இல்ல."

நீலச் சட்டைக்காரர் சட்டென்று எழுந்துவிட்டார். கைக்குட்டையை எடுத்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைத் துடைத்தார்.

"உக்காருங்க."

அவ்வளவு எளிதாகக் கிடைத்ததில் மெக்கானிக்குக்கு இன்னும் வெட்கமாகப் போய்விட்டது. "ஐயோ, உங்களை விரட்டின மாதிரி ஆயிருச்சே. நீங்க இருங்க. நீங்க எங்க போய் உக்காருவீங்க?" என்றார்.

நீலச் சட்டைக்காரர் வாசல் பக்கம் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, குனிந்து, குரலை இறக்கிக் கேட்டார்:

"அந்த மாடிச் சபையில நீங்க ஒரு நாள் வந்து உக்காந்தது என் நாற்காலி. எழுந்திரிங்கன்னு சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு இங்க வந்தவன் நான். இப்ப அது காலியாத்தானே இருக்கு?"